பாங்குக்கு முந்திய சீனி

மருத்துவபீடத்தில் மூன்றாம் வருடம் நடந்துகொண்டிருந்தபோது எனக்கு ஒரு விஷயம் விளங்கிவிட்டது. நோயாளியைப் பார்த்து மருந்து எழுதுவதைவிட, எவரும் இன்னும் கேட்காத கேள்வி ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் ஓடுவதுதான் எனக்குப் பிடித்திருந்தது. ஆய்வுகூடத்தில் இருக்கவேண்டும், ஆராய்ச்சி செய்யவேண்டும். வேறு எதுவும் வேண்டாம்போல் இருந்தது.

விடுதியில் சொன்னேன். வீட்டில் எப்படிச் சொல்வது? கிண்ணியாவில் எங்கள் தெருவிலிருந்து மருத்துவம் படிக்கப் போன முதல் ஆள் நான். நான் பஸ் ஏறிய கிழமையே வாப்பா முன்னறை நெல்மூட்டைகளைப் பின்னுக்கு மாற்றி, சுவருக்கு வெள்ளை அடித்து, நோயாளிகள் உட்கார ஒரு நீள மரவாங்கும் செய்வித்துப் போட்டுவிட்டார். விடுமுறைக்கு வந்தால் முகம் கழுவுவதற்கு முன்னமே அந்த வாங்கில் யாராவது இருப்பார்கள். "டொக்டர் புள்ள, இந்த இருமலை ஒருக்காப் பாருங்களன்." நான் இன்னும் டொக்டர் இல்லை என்று சொன்னால், "அதுக்கென்ன, கொஞ்சம் குறைச்சுப் பாருங்க" என்று பதில் வரும். எனக்கோ, அந்தத் தெருவில் மட்டும் ஏன் இத்தனை இருமல் என்று வீடு வீடாகப் போய்த் துருவவேண்டும்போல் கை துறுதுறுக்கும்.

ஒருநாள் சாப்பாட்டு நேரம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"ஆராய்ச்சியா?" என்றார் வாப்பா. "எலி அறுக்கிறதுக்கா இவ்வளவு பாடுபட்டு அனுப்பின?"

"எலிதானே வேணும்," என்றா உம்மா, கறிச்சட்டியை வைத்துவிட்டு. "குசினிக்குள்ள வேணுமட்டும் ஓடுது. வீட்டில இருந்தே அறுக்கட்டுமே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

மருத்துவபீடத்தில் ஆராய்ச்சி பற்றித் துணிந்து பேசியவர்கள் பெரும்பாலும் வைத்தியர் வீட்டுப் பிள்ளைகள். தகப்பன் வைத்தியர், தாய் வைத்தியர். வீட்டில் போதுமான அளவு வைத்தியர்கள் இருந்ததால் மூன்றாவது ஆள் எலி அறுத்தால் யாருக்கும் குறைவில்லை. எங்களைப் போல் சண்டை நடக்கும் பக்கங்களிலிருந்து வந்த ஓரிருவரை ஊர் இரவல் கொடுத்துத்தான் அனுப்பியிருந்தது. திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டிய பொருள்கள் நாங்கள்.

என் கேள்வி எனக்கு ஒரு விரிவுரை நேரத்தில் கிடைத்தது. உடலியல் பேராசிரியர் பட்டினி பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பிடாமல் இருக்கும் உடம்பு இரத்தத்தில் இருக்கும் சீனியை எப்படி விழாமல் பிடித்து வைக்கிறது என்று கோடு கோடாக வரைந்தார். அந்த அளவுகள் எல்லாம் வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில், கட்டிலில் படுத்துக்கிடந்தவர்களிடம் எடுத்தவை. நான் கையை உயர்த்தினேன்.

"சேர், அந்த ஆள் கட்டிலில் படுக்காமல் வெயிலில் நின்று வலை இழுத்தால்?"

வகுப்பு சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. வகுப்பு முடிய வந்து சொல் என்றார்.

போய்ச் சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்து மீனவர்கள் முன்பு நோன்பு மாதத்தில் இரவில்தான் கடலுக்குப் போவார்கள், பகலில் தூங்குவார்கள். சண்டை வந்தபிறகு இரவில் கடலில் இறங்கத் தடை. ஆமி தரும் பாஸ் இருந்தாலும் வெளிச்சம் இருக்கும்போதுதான் போகலாம். ஆகவே இப்போது தண்ணீரும் குடிக்காமல் பகல் முழுக்க வலை இழுக்கிறார்கள். பொழுதுபடும் நேரம் அவர்களுடைய இரத்தத்தில் எவ்வளவு சீனி இருக்கும், சேர்? எந்தப் புத்தகத்திலும் இல்லையே.

அவர் சிங்களவர். எங்கள் ஊரைக் கண்டதில்லை. மேசை லாச்சியைத் திறந்து ஒரு சிறு கருவியை எடுத்தார். விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் வைத்தால் சீனியின் அளவைக் காட்டும் மெஷின். அப்போது அது புதுச் சாமான். பெரிய வைத்தியசாலைகளிலேயே அபூர்வம். ஏதோ மாநாட்டுக்குப் போன இடத்தில் கிடைத்ததாம். கூடவே ஒரு போத்தலில் ஸ்ட்ரிப்புகள். ஒரு சோதனைக்கு ஒரு ஸ்ட்ரிப்.

"இது முடிந்தால் அவ்வளவுதான். கொழும்பிலும் கிடைக்காது," என்றார். "யோசித்துப் பயன்படுத்து."

அந்த நோன்புக்குப் பீடம் வேலைநிறுத்தத்தால் மூடிக்கிடந்தது. கருவியைச் சாரிகளுக்கு நடுவில் சுற்றி வைத்துக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டேன். கந்தளாயில் பஸ்ஸிலிருந்து இறக்கி ஒரு ஆமிச் சோதனை, தம்பலகாமத்தில் ஒன்று. அங்கெல்லாம் பையை மேலால் தட்டிப் பார்த்து விட்டார்கள். கிண்ணியாத் துறையில், ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றி அக்கரை போகும் தட்டைப் படகை நாங்கள் பாதை என்போம். அதில் ஏறப்போகும் இடத்தில் அகப்பட்டுக்கொண்டேன். என் வயதுதான் இருக்கும் அந்த ஆமிக்காரனுக்கு. பைக்குள்ளிருந்து கருவியை எடுத்துப் பட்டனை அழுத்தினான், அது கீச்சென்றது, இரண்டடி பின்னால் போனான்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். அவன் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டான்:

"சீனி பாக்கிற மெஷின்? எங்க அம்மாக்கும் சீனி இருக்கு. அப்ப எனக்குப் பாரு."

ஒரு ஸ்ட்ரிப் வீணாகப் போகிறதே என்று கணக்குப் பார்த்தேன். ஆனாலும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அவன் விரலைத் துடைத்து, குத்தி, பார்த்தேன். சரியான அளவு. நல்லது என்றேன். துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு மற்றவனிடம் விரலைக் காட்ட ஓடினான். நான் பாதையில் ஏறியபிறகும் கை காட்டிக்கொண்டு நின்றான்.

வாப்பாவின் தம்பி, என் சாச்சா, கொட்டியாரக் குடாவில் வள்ளம் வைத்திருந்தார். அவருடைய ஆட்கள் கரைக்கு வந்ததும் அவர் வீட்டு வளவில்தான் நோன்பு திறப்பார்கள். எனக்கு அது வாய்ப்பாகப் போயிற்று. விரலில் இரத்தம் எடுத்தால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசல் மௌலவியிடமும் கேட்டுவைத்துக்கொண்டேன்.

"புள்ளக்குச் சோதினை," என்று சாச்சா தன் ஆட்களுக்கு அறிவித்தார். "எல்லாரும் விரலைக் குடுங்க. ஒருத்தன் குறைஞ்சாலும் அவளைப் பெயில் ஆக்கிப் போடுவாங்க."

"எனக்குப் பரீட்சை இல்ல சாச்சா. இது ஆராய்ச்சி."

"ரெண்டும் ஒண்டுதான். ரெண்டிலயும் எங்கட ரெத்தத்தைத்தானே குடிக்கிற."

மாலையில் அவர்கள் வருவார்கள். உதடு வெடித்து, கண் உள்ளே போய், பேச்சுக்கூடக் குறைந்திருக்கும். தொழுகைக்காகக் கை, முகம், கால் கழுவி ஒழு எடுத்துவிட்டுப் பாயில் வட்டமாக அமர்வார்கள். பள்ளியில் பாங்கு சொல்லி நோன்பு திறப்பதற்குச் சற்று முந்திய அந்த நேரத்தைத்தான் நான் தேர்ந்தேன். அதுதானே பட்டினியின் கடைசி நுனி.

ஸ்பிரிட்டைத் திறந்ததும் எல்லோரும் கையை இழுத்துக்கொண்டார்கள். ஒழு எடுத்த கையில் சாராய வாடையா என்றார் ஒருவர். சரி, வேண்டாம் என்றேன். இப்போதுதானே ஊற்றி ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள், இதைவிடச் சுத்தமான விரல் எந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கும்? அந்நியப் பெண்ணின் கை பட்டால் ஒழு முறிந்துவிடும் என்பதால் நான் இரப்பர் கையுறை போட்டுக்கொண்டேன். ஆக, எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

முதல் ஆளுக்கு மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்துத் திரும்பவும் பார்த்தேன். ஆமிக்காரனுக்கு இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அடுத்தவருக்கும் அப்படி. சாச்சாவுக்கு இன்னும் கூட. பகல் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் வலை இழுத்த மனிதர்களுக்கு, வயிறு நிறையச் சாப்பிட்டவர்களைவிடக் கூடுதலாகச் சீனி! மறுநாளும் அதுதான். அதற்கடுத்த நாளும் அதுதான்.

நான் நடந்து திரிந்தேனா பறந்து திரிந்தேனா தெரியாது. புத்தகக் கோடுகள் எல்லாம் கீழே போக, எங்கள் ஆட்களின் கோடு மேலே போகிறது. ஈரல் தன் கையிருப்பு முழுவதையும் பொழுதுபடும் நேரம் அள்ளி ஊற்றுகிறது என்று ஒரு விளக்கமும் கட்டிவிட்டேன். நோன்பு பிடிக்காத, வலை இழுக்காத ஆமிக்காரனுக்குச் சரியான அளவு இருந்தது அந்த விளக்கத்துக்கு எவ்வளவு அழகாகப் பொருந்தியது!

பாதையில் அக்கரை போய், பஸ் பிடித்து, திருகோணமலை டவுனில் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து பேராசிரியரை அழைத்தேன். அவர் முழுக்கக் கேட்டார். இன்னும் அளந்து பார், அவசரப்படாதே என்றார். பிறகு சொன்னார்: "இது நிற்குமானால், இறுதிப் பரீட்சை முடிய நேரே என் துறைக்கு வா. ஒரு உதவி விரிவுரையாளர் இடம் வரும். உன்னை எடுக்கவேண்டும் என்று நான் கேட்பேன்."

வெளியே வந்து துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே சாம்பல் நிறக் கடற்படைக் கப்பல்கள். எத்தனையோ தடவை பார்த்த தண்ணீர்தான். அன்றைக்கு அது வெளியே, மிகத் தூரத்துக்குப் போகிற தண்ணீராக இருந்தது. மேசையில் நுணுக்குக்காட்டி, பக்கத்தில் என் பெயர் போட்ட ஒரு அலுமாரி, கதவைத் தட்டாமல் உள்ளே வந்து "அந்த அளவு என்ன வந்தது?" என்று கேட்கும் ஆட்கள். இவ்வளவுதான் என் ஆசை. இதை ஆசை என்று சொன்னால் ஊரில் யாருக்குப் புரியும்?

பிறகு அந்தப் பின்னேரம் வந்தது. போத்தலில் இரண்டே ஸ்ட்ரிப்புகள் மிஞ்சியிருந்தன. சாச்சாவின் மனைவி, என் சாச்சி, காய்ச்சலில் படுத்துவிட்டதால் நோன்பு திறப்பு வேலை என் தலையில் விழுந்தது. கஞ்சி இறக்கி, கோப்பைகளில் ஊற்றி, பேரீச்சம்பழக் கட்டியையும் நானே பிய்த்தேன். அந்த நாட்களில் எங்களுக்கு வந்த பேரீச்சம்பழம் தனித்தனிப் பழமாக வராது. நசுங்கி ஒட்டிக் கட்டியாகத்தான் வரும். கையுறையோடு உணவைத் தொடமுடியாது என்று வெறுங்கையால் பிய்த்துக் கொடுத்தேன்.

சாச்சாவின் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒருவரும் தன் பழத்தைத் தான் தின்னமாட்டார். இன்னொருவரை நோன்பு திறக்கச் செய்தால் நன்மை என்று, கொட்டையை எடுத்து, இரண்டாக்கி, பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார். அவர் தன்னுடையதை அடுத்தவருக்கு. வட்டம் முழுவதும் பழம் கை மாறும். பாங்கு வரும்வரை அதை விரலுக்குள் வைத்துக்கொண்டு இருப்பார்கள். நாள்தோறும் நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அழகான பழக்கம் என்றுகூட நினைத்தேன்.

நானும் நோன்பு. அடுப்படிச் சூட்டில் நின்றதோ என்னவோ, கை நடுங்கத் தொடங்கியது. நெற்றியில் குளிர்ந்த வியர்வை. கண் முன்னால் எல்லாம் மெல்ல மங்கியது. படித்தவள்தானே, சீனி விழுந்துவிட்டது என்று உடனே தெரிந்தது. அப்படியே ஒரு எண்ணமும் வந்தது: என்னையும் அளந்தால் என்ன? ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்து என் விரலைக் குத்தினேன்.

இருநூறைத் தாண்டிக் காட்டியது.

ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். எனக்கும் அதே அளவு! ஆனால் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. இருநூறு சீனி உள்ளவளுக்கு இப்படி நடுங்காது, வியர்க்காது. இரண்டில் ஒன்று பொய். பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து எடுத்தேன். ஒட்டியது. பேரீச்சம்பழப் பாகு.

பழம் பிய்த்த விரல்களைத்தான் அவர்களும் நாள்தோறும் என்னிடம் நீட்டினார்கள்; கையுறைக்குள் இருந்த என் விரல்களுக்கு இத்தனை நாளும் அந்தப் பிசுக்குத் தெரியவில்லை.

எழுந்து போய்க் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினேன். துடைத்தேன். கடைசி ஸ்ட்ரிப்பை எடுத்தேன். அதைப் போத்தலுக்குள் திரும்பப் போட்டிருக்கலாம். முன்னைய எண்களோடு அப்படியே பேராசிரியரிடம் போயிருக்கலாம்; எந்தப் புத்தகத்தாலும் என்னை உடனே மறுக்க முடிந்திராது. ஆனால் உண்மையில் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க என்னால் ஏலவில்லை. அவ்வளவுதான். அதில் பெரிய நேர்மை ஒன்றும் இல்லை.

அறுபதுக்கும் கீழே.

பள்ளியில் பாங்கு சொன்னது. பின்னால் வட்டத்தில் எல்லோரும் பழத்தை வாயில் போட்டார்கள். நான் கிணற்றுக் கட்டின்மேல் அமர்ந்துகொண்டேன். சாச்சா இரண்டு கஞ்சிக் கோப்பைகளோடு எழுந்து வந்தார்.

"என்ன புள்ள, முகம் செத்துப்போச்சு? முதல்ல குடி."

"எல்லாம் பிழையாப் போச்சு சாச்சா. ஒங்கட சீனி இல்ல அது. பழத்துச் சீனி."

அவர் ஒரு கோப்பையை என் கையில் தந்தார். "அப்ப பெயிலா?"

"ஓம்."

"ஆர் பெயில்? நாங்களா, நீயா?"

"நான்தான்."

"சரி, அப்ப திருப்பி எடு. விரல் எங்கயும் போகல்லயே. நாளைக்கு எல்லாரையும் சவக்காரம் போட்டுக் கழுவச் சொல்றன்."

ஸ்ட்ரிப் இல்லை என்று சொன்னேன். கொழும்பிலும் இல்லை என்று சொன்னேன். அவர் என் பக்கத்தில் அந்தக் கிணற்றுக் கட்டின்மேலேயே இருந்து தன் கஞ்சியைக் குடித்து முடித்தார்.

பீடம் திறந்ததும் பேராசிரியரிடம் போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒழு, கையுறை, கை மாறும் பழம், எல்லாம். அவர் நடுவில் சிரிக்கத் தொடங்கி, பிறகு நிறுத்திவிட்டார்.

"கடைசி ஸ்ட்ரிப்பையும் உன் விரலுக்கா செலவழித்தாய்?"

"ஓம், சேர்."

"ஏன்?"

"தெரிய வேண்டியிருந்தது."

அவர் கருவியை வாங்கி லாச்சிக்குள் வைத்தார். "அந்த இடம் உனக்குத்தான்," என்றார். "வேறு பிள்ளைகள் என்றால் அந்த நல்ல எண்களோடு நின்றிருப்பார்கள், என்னிடம் இந்தக் கதை வந்திராது."

இறுதிப் பரீட்சையும் பயிற்சிக் காலமும் முடியும்வரை அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நான் இரவும் பகலும் ஓடினேன். வார்டில் ஊசி போடும்போதுகூட, இது கொஞ்ச நாளைக்குத்தான் என்று கை சொல்லிக்கொண்டிருக்கும்.

பயிற்சி முடிந்த மாதம் ஊருக்குப் போனேன். எங்கள் வைத்தியசாலையில் இருந்த ஒரே வைத்தியரும் மாற்றம் எடுத்துக்கொண்டு போயிருந்தார். பொழுதுபட்டால் பாதைப் படகு நின்றுவிடும். அதன்பிறகு பிள்ளைப்பேறு வலி வந்தாலும் விடியும்வரை துறையில் காத்துக்கிடக்கவேண்டும். அப்படிக் காத்துக்கிடந்தவர்களில் சிலர் அக்கரை போய்ச் சேரவே இல்லை. அன்று எங்கள் முன்னறை வாங்கில் நோயாளிகள் இருக்கவில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்து ஆட்கள் இருந்தார்கள். தேநீர் குடித்தார்கள், வாப்பாவோடு நெல் விலை கதைத்தார்கள், என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது ஒருவர் மட்டும், "எங்கட புள்ள வந்திட்டா, இனிப் பயமில்ல" என்றார்.

அவர்கள் போனபிறகு ஆய்வுகூட இடத்தைப் பற்றி வாப்பாவிடம் சொன்னேன். அவர் எலியைப் பற்றிப் பேசவில்லை. கோபிக்கவும் இல்லை.

"போறெண்டாப் போ மகள். நான் மறிக்க மாட்டன். ஆனா இவங்களுக்கு நீயே சொல்லு. எனக்கு ஏலாது."

எனக்கும் ஏலவில்லை. பேராசிரியர் ஒரு வருடம் பார்த்தார். அதற்குமேல் அவராலும் காத்திருக்க முடியாது. அந்த இடத்தில் இப்போது என் வகுப்புத் தோழி ஒருத்தி இருக்கிறாள், தாயும் தகப்பனும் வைத்தியர்கள், கெட்டிக்காரி, நல்லவள். தான் என்ன செய்கிறாள் என்று எப்போதாவது எழுதுவாள். படித்துவிட்டு, ஒரு கேள்வி கேட்டுப் பதில் எழுதுவேன். அடுத்த கடிதம் வரும்வரை அந்தக் கேள்வியோடுதான் இருப்பேன்.

இப்போது ஊர் வைத்தியசாலையில்தான் வேலை செய்கிறேன். காலையில் கிளினிக் தொடங்கினால் நடுப்பகல் லுஹர் தொழுகை நேரம்வரை தலை நிமிர்த்த முடியாது. போன கிழமை, நோன்புக்கு முந்திய கிழமை, சீனி வருத்தம் உள்ள ஒரு உம்மா வந்தா. பாய் இழைக்கிறவ, வாய்க்காரி. நோன்பு பிடிக்கலாமா என்று கேட்டா. வேண்டாம் என்றேன், புத்தகம் அதைத்தான் சொல்கிறது.

"நீங்க வேணாமெண்டாலும் நான் பிடிக்கத்தான் போறன்," என்றா. "மறைச்சுப் பிடிக்கிறவங்க எத்தினை பேர் இந்த வரிசையில நிக்கிறாங்க தெரியுமா? குளிசையை எப்பப் போடுற, விடியமுன்னம் சாப்பிடுற ஸஹருக்கா, நோன்பு திறந்த பிறகா? அதை மட்டும் சொல்லுங்க."

படித்த புத்தகங்களை மனதுக்குள் புரட்டினேன். எங்கள் ஆட்களைப் போன்றவர்களிடம் அதை அளந்து பார்த்த எதையும் நான் படித்ததில்லை.

"தெரியாது உம்மா," என்றேன்.

"தெரியாதா? அவ்வளவு தூரம் போய் இத்தினை வருஷம் என்னத்தைப் படிச்சீங்க மகள்?"

வரிசை சிரித்தது. எனக்குக் கோபம் வரவில்லை. அவ கேட்டது என் மனதுக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கேள்விதான். எங்களிடம் மெஷின் இல்லை, ஸ்ட்ரிப் இல்லை. ஆனால் சோதனைக் குழாயில் சிறுநீரை நீல மருந்தோடு கொதிக்கவைத்து, நிறம் மாறுவதைப் பார்க்கும் பழைய முறை இருக்கிறது. திருத்தமான அளவு வராது. ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லை.

"தலை நோன்பண்டைக்கு அஸர் தொழுதிட்டு வாங்க," என்றேன். "குளிசையை நோன்பு திறந்த பிறகு போடுங்க. ஒவ்வொரு நாளும் வாங்க. நான் பாத்துப் பாத்துச் சொல்றன். தலை சுத்தினா நோன்பை முறிச்சிரணும், அதுக்கு ஓமெண்டு சொல்லுங்க."

"வந்தாச் சொல்லுவீங்களா?"

"வந்தா ரெண்டு பேருமாப் பாப்பம்."

இன்று தலை நோன்பு, மாதத்தின் முதல் நாள். பின்னேர அஸர் தொழுகை முடிந்துவிட்டது. கிளினிக் அறையில் யாரும் இல்லை. ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்து, குழாய்களைக் கழுவி அடுக்கி வைத்துவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.